விருந்தினருக்குத் தணலில் சுட்ட சிறு பர்கர்

திருமுழுக்கு, புதுநன்மை, கிறிஸ்து பிறப்பு முதலிய நாள்களில், பந்திக்கு முன் விருந்தினர் கையில் ஒரு கட்லெட் கொடுப்பது நம் இல்லங்கள் பலவற்றில் வழக்கம். இப்பொழுது பிள்ளைகள் கட்லெட்டுக்குப் பதில் பர்கர் கேட்கின்றனர். ஜெர்மானியத் துறைமுக நகராகிய ஹாம்பர்க்கின் பெயரைத் தாங்கி அமெரிக்காவில் பரவிய கொத்துக்கறிப் பண்டம் அது. வீட்டிலேயே செய்துவிடலாம். ஆனால் அயல்நாட்டுச் செய்முறையை அப்படியே பின்பற்றினால் கம்பத்திலோ தேனியிலோ அது கைகொடுக்காது. முதன்முறை நான் சுட்டவை கூழாங்கற்களைப் போல் இருந்தன. உண்டவர்கள் பண்புள்ளவர்கள், ஒன்றும் சொல்லவில்லை.

காரணம் இறைச்சியில் இருக்கின்றது. அங்கே அதற்கெனக் கொழுக்க வளர்த்த இளம் மாட்டின் இறைச்சி. இங்கோ, தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெரும்பாலும் பத்து வயதைக் கடந்து, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாதவை எனச் சான்று பெற்ற எருதுகளும் எருமைகளுமே அறுக்கப்படுகின்றன. ஆயுள் முழுதும் உழைத்த தசையில் நாரே மிகுதி, கொழுப்புக் குறைவு. ஆகவே கடைக்காரரிடம் 400 கிராம் கறிக்கு 100 கிராம் கொழுப்பைக் கேட்டு வாங்கி, இரண்டையும் சேர்த்து இருமுறை அரைத்துத் தரச் சொல்லுங்கள்.

பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, இடித்த குமுளி மிளகு ஆகியவற்றை அதனுடன் இலேசாகக் கலக்கவும். அழுத்திப் பிசையலாகாது. உப்பு ஒரு தேக்கரண்டி போதும். அதையும் தட்டும் வேளையில்தான் சேர்க்க வேண்டும். முன்னரே சேர்த்தால் கறி இறுகிவிடும். நாற்பது கிராம் அளவில் உருட்டி, அரை அங்குலக் கனத்தில் தட்டி, நடுவில் பெருவிரலால் சிறு பள்ளம் இடுங்கள், வேகும்போது உப்பாது. பன்னிரண்டு தேறும்.

கரி சாம்பல் பூத்துத் தணலான பின்பே கம்பி வலையை வைக்கவும். பக்கத்துக்கு நான்கு நிமிடம் ஆகும். கரண்டியால் அழுத்தினால் சாறெல்லாம் நெருப்புக்குப் போய்விடும். கொழுப்புச் சொட்டித் தீ எழுந்தால் ஓரத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

இனி ஒரு முக்கியமான செய்தி. முழுத்துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் மட்டுமே இருக்கும். மேலே சுட்டாலே அழிந்துவிடும். அரைக்கும்போதோ அவை உள்ளே போய்விடுகின்றன. 1982இல் அமெரிக்காவின் ஓரிகன், மிச்சிகன் மாநிலங்களில் சரியாக வேகாத பர்கர் உண்டோர் குருதிக் கழிச்சலுற்றனர், அப்பொழுதுதான் ஈ. கோலை வகைக் கிருமியொன்று இந்நோய்க்குக் காரணமென அறியப்பட்டது. சிறு பிள்ளைகளுக்கு அது சிறுநீரகத்தையே கெடுக்க வல்லது. நடுப்பகுதி 71 பாகை செல்சியஸ் சூட்டை எட்ட வேண்டும். நிறத்தை மட்டும் நம்புவதற்கில்லை. பழுப்பான பின்னும் உள்ளே சூடு போதாமல் இருக்கலாம். இறைச்சிக்கான வெப்பமானி ஒன்று வாங்கிவைப்பது வீண்செலவன்று. பர்கர் சிறிதாகவும் மெல்லியதாகவும் இருப்பதன் நன்மையும் இதுவே: சூடு விரைவில் நடுவை எட்டிவிடும்.

பச்சைக்கறி வைத்த தட்டிலேயே சுட்டதையும் எடுத்துவைப்பது பலர் செய்யும் பிழை. வேறு தட்டு வேண்டும். அரைத்த கறியை நம் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

பேக்கரியில் முன்னதாகச் சொல்லிவைத்தால் உள்ளங்கையளவு பன் செய்து தருவார்கள். அதை இரண்டாகப் பிளந்து தணலில் வாட்டி, எலுமிச்சைச் சாற்றில் ஊறிய வெங்காயத்துடன் கறியை நடுவில் வைத்துக் கொடுங்கள். உடன் பருக, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கம்பம் பன்னீர் திராட்சையின் சாறு இருக்கவே இருக்கின்றது.