அழித்த படம் எங்கே போகிறது?

கொல்லிமலை அடிவாரத்துப் புளியஞ்சோலையில் எடுத்த படங்களைக் கணினியில் ஏற்றிவிட்டு, கைதவறி ஷிப்ட்டோடு டெலீட்டை அழுத்தினால் அவை ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. ஆனாலும் பதற வேண்டாம். விண்டோஸ் கோப்புப் பட்டியலில் அந்தப் படங்களின் பதிவு பயன்பாட்டில் இல்லை என்று குறித்து, அவற்றின் இடத்தைக் காலிக் கணக்கில் சேர்க்கிறது, அவ்வளவுதான். கொல்லிமலைப் பாறையும் ஐயாற்றுத் தண்ணீரும் ஹார்டு டிஸ்க்கில் அப்படியே இருக்கும், வேறொரு கோப்பு அங்கே வந்து உட்காரும்வரை.

அதனால் அந்த டிஸ்க்கில் பாட்டுகூட இறக்காதீர்கள். மீட்பு மென்பொருளையும் அதில் நிறுவக் கூடாது, பென்டிரைவிலிருந்து ஓட்டுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள் கோப்புப் பட்டியலை நம்புவதே இல்லை. ஜேபெக் படம் எப்போதும் 255, 216 என்ற இரு பைட்டுகளில்தான் தொடங்கும். அப்படிப்பட்ட அடையாளங்களைத் தேடியே படங்களைப் பொறுக்கி எடுக்கிறது. பெயர்கள் மட்டும் திரும்பாது.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால் நிலைமை வேறு. அழித்ததுமே விண்டோஸ் 'டிரிம்' கட்டளை அனுப்பும். சிப் அந்த இடத்தைத் தானே துடைத்துக்கொள்ளும். அங்கே பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது.