நூறு டாலர் லைசென்ஸ்: வரைபட சாஃப்ட்வேரை வீட்டிலேயே கற்கலாமா?

படிக்கும் வரை கல்லூரி லேப் கம்ப்யூட்டரில் ஒரே கிளிக்கில் திறந்த சாஃப்ட்வேர் அது. படிப்பு முடிந்ததும் வீட்டு லேப்டாப்பில் திறக்க மறுக்கிறது. கல்லூரியின் லைசென்ஸ் கல்லூரியோடு நின்றுவிடுகிறது. ஆனால், வேலைக்கான விளம்பரத்தைப் பார்த்தால் அதே சாஃப்ட்வேரின் பெயர்தான் முதலில் நிற்கிறது: ஆர்க்ஜிஐஎஸ்.

புவித்தகவலியல், புவியியல், சிவில், வேளாண்மை, நகரமைப்பு என்று படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் பழக்கமானதுதான். கல்யாணம், குழந்தை என்று ஐந்தாறு வருடம் விலகியிருந்து, மறுபடி வேலைக்குப் போக நினைக்கும் பெண்களுக்கு இது இரட்டைச் சிக்கல். அவர்கள் படித்த காலத்து 'ஆர்க்மேப்' இப்போது பழசாகிவிட்டது. அதற்கான ஆதரவை 2026 மார்ச்சோடு நிறுத்துவதாக நிறுவனமே அறிவித்துவிட்டது. இனி 2015-ல் வந்த 'ஆர்க்ஜிஐஎஸ் புரோ'தான். திரை வேறு, பொத்தான்கள் இருக்கும் இடம் வேறு. மறுபடி உட்கார்ந்து பழகித்தான் ஆக வேண்டும். எதில் பழகுவது?

சுலபமாகக் கைக்கு எட்டுவது, தெரிந்த சீனியரின் பென் டிரைவ். அதில் பூட்டை உடைத்த திருட்டு காப்பி இருக்கும். கூடவே என்ன வைரஸ் வருகிறது என்பது லேப்டாப் படுத்த பிறகுதான் தெரியும். இன்டர்வியூவில் "எதில் பிராக்டீஸ் செய்தீர்கள்?" என்று கேட்டால் விழிக்க வேண்டியிருக்கும். நல்ல பிள்ளைகளும் அந்தப் பக்கம் போவதற்குக் காரணம் விலைதான். அலுவலகங்களுக்கு இதன் முழு வடிவம் ஆயிரக்கணக்கான டாலர் கணக்கில் விற்கப்படுகிறது.

திருட்டு காப்பிக்கும் அந்த விலைக்கும் நடுவே ஒரு நேர்வழி உண்டு. வீட்டு உபயோக லைசென்ஸ். இப்போது அதற்குத் 'தனிப்பட்ட உபயோகம்' என்று பெயர். நிறுவனம் அறிவித்த விலை வருடத்துக்கு 100 டாலர். நம் பணத்தில் எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். இந்தத் தொகையைக் கட்டலாமா, வேண்டாமா என்பது பல வீடுகளில் யோசித்து எடுக்க வேண்டிய முடிவு.

டிரேசிங் தாள் கணக்கு

முதலில் ஜி.ஐ.எஸ். என்றால் என்ன? ஒரு ஊரின் ஏரியை ஒரு டிரேசிங் தாளில் வரையுங்கள். சாலைகளை இன்னொரு தாளில். வீடுகளை வேறொன்றில். பள்ளிக்கூடம், ரேஷன் கடை எல்லாம் தனித்தனித் தாளில். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் ஊர் தெரியும். இதைக் கம்ப்யூட்டரில் செய்வதுதான் ஜி.ஐ.எஸ். தாளில் செய்ய முடியாததையும் அது செய்யும். ஏரிக்கரையிலிருந்து 200 மீட்டருக்குள் எத்தனை வீடுகள்? எந்தத் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள்? கேட்டால் நொடியில் வண்ணம் தீட்டிக் காட்டும்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, தண்ணீர் நின்ற தெருக்களை இணையத்தில் யார் வேண்டுமானாலும் தொட்டுக் குறிக்கும்படி ஒரு வரைபடம் வந்தது நினைவிருக்கலாம். ஆயிரக்கணக்கான தெருக்களை மக்களே குறித்தார்கள். எந்த வழியாகப் போனால் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேரலாம் என்று பார்த்தவர்களுக்கு இந்தத் துறையின் அருமையை யாரும் விளக்கத் தேவையில்லை.

வேலைக்கும் இது உதவாத படிப்பு அல்ல. தனியார் வரைபடம் தயாரிக்க இருந்த முன் அனுமதிக் கட்டுப்பாடுகளை 2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அரசு பெருமளவு தளர்த்தியது. குடிநீர்க் குழாய், மின்கம்பி, பயிர்க் காப்பீடு, சொத்து வரி என்று எங்கெல்லாம் 'எந்த இடத்தில்?' என்ற கேள்வி வருகிறதோ, அங்கெல்லாம் இதற்கு ஆள் வேண்டும்.

நர்சரி வீட்டுப் பையன்

ஆர்க்ஜிஐஎஸ்ஸைத் தயாரிப்பது எஸ்ரி நிறுவனம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஆரஞ்சுத் தோட்டங்களுக்குப் பேர்போன ரெட்லேண்ட்ஸ் என்ற ஊரில் 1969-ல் ஜாக் டேன்ஜர்மண்ட், லாரா டேன்ஜர்மண்ட் தம்பதி தொடங்கியது. நெதர்லாந்திலிருந்து குடியேறிய ஜாக்கின் பெற்றோர் அங்கே செடி நர்சரி வைத்திருந்தார்கள். ஜாக் ஹார்வர்டில் நிலத்தோற்ற வடிவமைப்பு படித்தவர். கையிலிருந்த 1,100 டாலர் சேமிப்பில் கணவனும் மனைவியும் ஆரம்பித்தது, நிலத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஆலோசனை சொல்லும் சின்ன கம்பெனி. 1982-ல் 'ஆர்க்/இன்ஃபோ' என்ற சாஃப்ட்வேரை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் பாதை மாறியது. இன்றுவரை பங்குச் சந்தைப் பக்கம் போகாமல் தம்பதியின் கையிலேயே இருக்கிறது.

அந்தக் காலத்தில் இதை ஓட்டவே பெரிய கம்ப்யூட்டர்கள் தேவைப்பட்டன. வீட்டில் வைத்துக் கற்பது என்ற பேச்சே கிடையாது. மேஜைக் கம்ப்யூட்டரும் பின்னர் லேப்டாப்பும் வீட்டுக்கு வந்த பிறகு, சாஃப்ட்வேர் மட்டும் அலுவலக விலையில் நின்றது. அந்த இடைவெளிக்குத்தான் 100 டாலர் திட்டம். இதை முழுக்க தர்மம் என்றும் சொல்ல முடியாது. இன்று வீட்டில் இதைப் பழகுகிறவர், நாளை அலுவலகத்தில் உட்கார்ந்ததும் இதையேதான் வாங்கச் சொல்வார். தையல் மெஷின் கம்பெனி தையல் வகுப்பு நடத்துவது போலத்தான். அதற்காக வகுப்பு வீண் என்று ஆகிவிடாது.

கட்டினால் என்ன கிடைக்கும்?

அரைகுறை மாதிரி இல்லை. தொழில்முறை ஆட்கள் பயன்படுத்தும் அதே சாஃப்ட்வேர். மேடு பள்ளங்களைக் கணக்கிடுவது, முப்பரிமாணத்தில் காட்டுவது போன்ற, தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய கூடுதல் கருவிகளும் சேர்ந்தே வரும். இணையத்தில் வரைபடம் வெளியிடும் வசதியும் உண்டு. இந்த விலைக்கு இது பெரிய சரக்கு. சந்தேகமில்லை.

சிக்கல் நிபந்தனைகளில் இருக்கிறது. இது ஒருவருக்கு மட்டும். அவருடைய சொந்தக் கற்றலுக்கு மட்டும். காசு வாங்கிக்கொண்டு எதுவும் செய்யக் கூடாது. பக்கத்துத் தெரு ரியல் எஸ்டேட்காரர் "ஒரு மனைப்பிரிவு மேப் போட்டுக் கொடும்மா, ஆயிரம் ரூபாய் தர்றேன்" என்று கேட்டால், இந்த லைசென்ஸில் செய்து கொடுப்பது தப்பு. வேலை பார்க்கும் அலுவலகத்தின் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து முடிப்பதும் அப்படித்தான். போட்ட காசை அதே சாஃப்ட்வேரை வைத்துச் சம்பாதிக்க வழியில்லை என்பதைப் பணம் கட்டும் முன்பே வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்தது லேப்டாப். ஆர்க்ஜிஐஎஸ் புரோ விண்டோஸில் மட்டும்தான் ஓடும். குறைந்தது 8 ஜி.பி. ராம் வேண்டும், அதில்கூட முனகிக்கொண்டுதான் ஓடும். பள்ளிக்கூடப் பையன் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய பழைய 4 ஜி.பி. லேப்டாப் தாங்காது. அப்படியானால் உண்மையான செலவு எட்டாயிரம் இல்லை, புது லேப்டாப்பையும் சேர்த்து ஐம்பதாயிரத்தை நெருங்கிவிடும்.

காசில்லாமல் ஒரு வழி

இந்த இடத்தில்தான் கியூஜிஐஎஸ் வருகிறது. அலாஸ்காவில் இருந்த கேரி ஷெர்மன் என்பவர், லினக்ஸ் கம்ப்யூட்டரில் வரைபடத் தரவுகளைத் திறந்து பார்க்க ஒரு கருவி வேண்டும் என்று 2002-ல் எழுதத் தொடங்கியது. 2009-ல் முதல் முழுப் பதிப்பு வந்தது. இன்று உலகெங்கும் தன்னார்வலர்கள் வளர்க்கும் கட்டற்ற மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். சுமாரான லேப்டாப்பே போதும். பத்து பைசா கட்ட வேண்டாம். முக்கியமாக, இதில் செய்த மேப்பை ஆயிரம் ரூபாய்க்கு விற்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

பயிற்சிக்கான தரவும் இலவசம்தான். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008-லிருந்து எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. ஐரோப்பாவின் சென்டினல் படங்களும் அப்படியே. டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இத்துறையில் இலவச ஆன்லைன் வகுப்புகள் நடத்தி, சான்றிதழும் தருகிறது.

அப்படியானால் 100 டாலர் எதற்கு? விளம்பரத்தில் அந்தப் பெயர் இருப்பதால். இன்டர்வியூவில் முன்னால் ஒரு கம்ப்யூட்டரை வைத்து "செய்து காட்டுங்கள்" என்றால், பழகாத திரையில் கை தடுமாறும். அதற்காகத்தான்.

திண்டுக்கல் வேறு, மதுரை வேறு

ஆனாலும் இந்தத் துறையில் கஷ்டமான பாடம் எந்த பொத்தானிலும் இல்லை. ஒரு உதாரணம் பாருங்கள். உருண்டையான பூமியைத் தட்டையான திரையில் காட்ட, உலகத்தை 60 மண்டலங்களாகப் பிரித்து அளக்கும் முறை ஒன்று உண்டு. ஒரு மண்டலத்துக்கு 6 டிகிரி அகலம். 43-ஆம் மண்டலம் முடிந்து 44 தொடங்கும் கோடு, கிழக்குத் தீர்க்கரேகை 78 டிகிரி. அந்தக் கோடு தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுகிறது. கோவை, நெல்லை, திண்டுக்கல் 43-ல். மதுரை, சேலம், சென்னை 44-ல். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான். நடுவில் மண்டலமே மாறிவிடுகிறது!

இது தெரியாமல் மதுரைத் தரவுக்குத் திண்டுக்கல்லின் மண்டல எண்ணைக் கொடுத்தால், மதுரை நகரம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேற்கே நகர்ந்து அரபிக்கடலில் போய் மிதக்கும். ஆர்க்ஜிஐஎஸ்ஸிலும் மிதக்கும், கியூஜிஐஎஸ்ஸிலும் மிதக்கும். 32643, 32644 என்ற எண்களில் எதை எங்கே கொடுக்க வேண்டும் என்ற அறிவுதான் சம்பளம் வாங்கித் தருவது. அதைக் கற்க லைசென்ஸே தேவையில்லை.

அதனால் வரிசையை மாற்றிப் போடுவதுதான் கெட்டிக்காரத்தனம். முதல் ஆறு மாதம் கியூஜிஐஎஸ். ஊர் ஏரி, தாலுகா எல்லை, பஸ் ரூட் என்று தெரிந்த இடங்களையே வரைந்து பார்க்கலாம். அதன்பின் ஆர்க்ஜிஐஎஸ் புரோவின் 21 நாள் இலவச முன்னோட்டம். எஸ்ரி அவ்வப்போது இணையத்தில் நடத்தும் இலவச வகுப்புகளில் சேர்ந்தால், வகுப்பு முடியும் வரை சாஃப்ட்வேரும் கையில் இருக்கும். இத்தனைக்குப் பிறகும் ஆர்வம் குறையவில்லை, விண்ணப்பிக்க வேண்டிய வேலைகளும் கண்ணில் படுகின்றன என்றால், அப்போது 100 டாலர் கட்டலாம். முதல் நாளே கட்டிவிட்டு, மூன்று மாதம் திறக்காமலேயே வைத்திருப்பது ஜிம்முக்குப் பணம் கட்டிய கதை.

கட்டியவர்கள் காலண்டரில் ஒரு தேதியைக் குறித்து வைக்க வேண்டும். பன்னிரண்டு மாதம் முடிந்த மறுநாள் சாஃப்ட்வேர் திறக்காது. உழைத்துச் செய்த புராஜெக்ட் ஃபைல்கள் லேப்டாப்பிலேயே இருந்தாலும் உள்ளே எட்டிப்பார்க்க முடியாது. அதற்கு ஒரு வாரம் முன்பே எல்லா வரைபடங்களையும் பி.டி.எஃப். ஆக்கிவிட வேண்டும், இன்டர்வியூவில் நீட்ட அதுதான் உதவும். தரவுகளை 'ஷேப்ஃபைல்' வடிவத்தில் சேமித்துக்கொள்ளலாம். அதன் உள்ளமைப்பை எஸ்ரியே 1998-ல் எல்லோருக்கும் வெளியிட்டுவிட்டதால், கியூஜிஐஎஸ்ஸும் அதைத் தயங்காமல் திறக்கும். ஒரு ஷேப்ஃபைல் என்பது உண்மையில் ஒரே பெயரில் இருக்கும் மூன்று நான்கு ஃபைல்களின் கூட்டம். பென் டிரைவில் போடும்போது ஒன்றை விட்டுவிட்டாலும் சிக்கல்தான். எல்லாவற்றையும் ஒன்றாக ஜிப் செய்து எடுத்துக்கொள்வது நல்லது.