சாம்பல் டிராக்டரின் மூன்று கைகள்

சுட்டிகளே! டிராக்டரைக் கண்டால் உங்கள் கண் நேராக அதன் முன்பக்கம்தான் போகும், இல்லையா? இன்று பின்பக்கம் போய்ப் பார்ப்போம், வாருங்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது!

அதற்கு முன் ஒரு பழைய டிராக்டரைச் சந்திப்போம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சின்னப் பண்ணை வைத்திருக்கும் குடும்பங்கள் பல. வார நாள்களில் பெரியவர்கள் வேறு வேலைக்குப் போவார்கள். மாலையிலும் சனி, ஞாயிறுகளிலும் பண்ணையைக் கவனிப்பார்கள். இதுதான் பகுதிநேர விவசாயம்.

அப்படிச் சில வீட்டுக் கொட்டகைகளில், தாத்தா ஓட்டிய சாம்பல் நிற டிராக்டர் இன்னும் இருக்கிறது. அதன் பெயர் ஃபெர்குசன் டி.இ.20. செல்லமாக ‘ஃபெர்கி’. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள்.

எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். இத்தனை லேசான வண்டி எப்படி உழும் என்று யோசிக்கிறீர்களா? சபாஷ், சரியான கேள்வி!

முன்பெல்லாம் கலப்பையை டிராக்டருக்குப் பின்னால் ஒரே இடத்தில் மாட்டி இழுப்பார்கள். கலப்பை பாறையில் சிக்கினால் அது நகராது. இன்ஜினோ விடாது. அப்போது வண்டியின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, ஓட்டுபவர் மேலேயே கவிழ்ந்துவிடவும் கூடும். எவ்வளவு ஆபத்து, பாருங்கள்!

இதற்கு வழி கண்டவர் ஹாரி ஃபெர்குசன். 1884இல் அயர்லாந்தில் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர். 1909இல் தாமே செய்த விமானத்தில் பறந்தவரும் இவரே!

பட்டத்துக்குச் சூத்திரம் கட்டுவோமே, நினைவிருக்கிறதா? ஒரே புள்ளியில் கட்டினால் பட்டம் தாறுமாறாகச் சுற்றும். மேலும் கீழும் கட்டினால் சொன்னபடி கேட்கும். ஃபெர்குசனும் கலப்பையை மூன்று புள்ளிகளில் மாட்டினார். கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கை.

இப்போது கவனியுங்கள். உழும்போது மண் கலப்பையின் அடியைப் பின்னால் இழுக்கும். கீழ்க்கைகள் விடாமல் பிடித்திருப்பதால், கலப்பையின் தலை முன்னால் சாயப் பார்க்கும். அது மேல்கையைத் தள்ளும். அந்தத் தள்ளல் டிராக்டரின் முன்பக்கத்தைத் தரையோடு அழுத்தும். முன்பு வண்டியைக் கவிழ்த்த அதே விசை, இப்போது அதைக் காக்கிறது! புரிகிறதா? இல்லையென்றால் இந்தப் பத்தியை மெல்ல இன்னொரு முறை படியுங்கள். அவசரமே இல்லை.

இன்னொரு லாபமும் உண்டு. கலப்பையின் பாரம் பின்சக்கரங்களில் இறங்குவதால் அவை மண்ணை நன்றாகப் பிடிக்கும். லேசான வண்டியே போதும். மண்ணும் அதிகம் இறுகாது.

ஃபெர்கி பனியிலும் போயிருக்கிறது. மலையேற்ற வீரர் எட்மண்ட் ஹிலாரியின் குழு 1958 ஜனவரி 4 அன்று தென் துருவத்தை எட்டியது ஃபெர்குசன் டிராக்டர்களில்தான்!

இன்று உலகின் பெரும்பாலான பண்ணை டிராக்டர்களில் இந்த மூன்று கைகள் உண்டு. நம் ஊர் டிராக்டரிலும் பார்க்கலாம். இன்ஜினை நிறுத்தியபின், பெரியவர் ஒருவரோடு போய்ப் பாருங்கள். மேல்கை எது என்று கண்டுபிடியுங்கள். அதன் பெயர்தான் ‘டாப் லிங்க்’. அது எங்கே என்று ஓட்டுநர் அண்ணனிடம் கேட்டால் மகிழ்ச்சியோடு காட்டுவார். உழும்போது மேல்கை இழுபடுமா, தள்ளப்படுமா? பதிலை நீங்களே அவருக்கு விளக்கிச் சொல்லுங்கள்!