நர்சிங் சேர பிளஸ் 2 மார்க் மட்டும் போதுமா? நாசரேத் பக்கத்து பிள்ளைங்க பிளஸ் 1-லேயே கவனிக்க வேண்டியது என்ன?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் நாசரேத், பிரகாசபுரம், மூக்குப்பீறி, பிள்ளையன்மனை பக்கத்து வீடுகளில் பேச்சு ஒன்றுதான். எந்த குரூப் எடுக்கிறது? வீட்டில் ஏற்கெனவே ஒரு அக்காவோ சித்தியோ நர்ஸாக இருந்தால், "நர்சிங்தானே, பிளஸ் 2 முடிச்சுட்டு பார்த்துக்கலாம்" என்று பதிலும் உடனே வந்துவிடும்.

சிக்கலே அந்தப் பதிலில்தான் இருக்கு. பிளஸ் 2 முடிச்சுட்டு பார்க்கும்போது, பி.எஸ்சி. நர்சிங் கதவு சிலருக்கு ஏற்கெனவே மூடியிருக்கும். மார்க் குறைந்ததால் அல்ல, ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்த குரூப்பால்.

இந்த ஊருக்கும் செவிலியர் தொழிலுக்கும் உள்ள பழக்கம் பழசு. 1876-ல் நாசரேத்துக்கு வந்து 1908-ல் மறையும் வரை இங்கேயே பணியாற்றிய கேனன் ஆர்தர் மர்காஷிஸ் காலத்திலேயே பள்ளிக்கூடமும் வைத்தியமும் இங்கே சேர்ந்தே வளர்ந்தன. தூய லூக்கா மருத்துவமனை இன்றும் ஊரின் அடையாளம். அதனால் நர்ஸ் வேலை என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதில் சேருவதற்கான விதிமுறைகள் மட்டும் அந்த அளவுக்குத் தெரிந்ததாகச் சொல்ல முடியாது.

எந்த குரூப் எடுத்தால் பி.எஸ்சி. நர்சிங்?

இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி, பிளஸ் 2-ல் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்கணும். மூன்றும் சேர்த்து 45 சதவீதம், எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 40 சதவீதம். ஆங்கிலத்தில் தனியாக பாஸ் ஆகியிருக்கணும். சேரும் வருஷம் டிசம்பர் 31-ம் தேதிக்குள் 17 வயது முடிந்திருக்கணும்.

கணிதம்-உயிரியல் உள்ள முதல் குரூப் எடுத்தாலும் சரி, தாவரவியல், விலங்கியல் தனித்தனியாக உள்ள சயின்ஸ் குரூப் எடுத்தாலும் சரி, தகுதி உண்டு. கணிதம்-கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவர் 600-க்கு 580 வாங்கினாலும் பி.எஸ்சி. நர்சிங்குக்கு விண்ணப்பிக்க முடியாது, காரணம் உயிரியல் இல்லை. காமர்ஸ் எடுத்தவருக்கும் இதே நிலைதான்.

அதிகம் குழப்புவது தொழிற்கல்வி நர்சிங் குரூப். பெயரிலேயே நர்சிங் இருப்பதால் இதுதான் நேர் வழி என்று தோன்றும். ஆனால் பி.எஸ்சி. கேட்பது இயற்பியல், வேதியியல், உயிரியல் என்ற மூன்று பாடங்களை. பள்ளி தரும் பாடப் பட்டியலில் அந்த மூன்றும் இருக்கிறதா என்று சேரும் முன்பே பார்த்துவிட வேண்டும். தொழிற்கல்வி படித்தவர்களுக்கு டிப்ளமோவில் வழி இருக்கு. பட்டப்படிப்பு என்றால் கணக்கு வேறு.

ஒரு ஒப்பீடு சொன்னால் இது தெளிவாகும். அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரிகளில் ரெண்டு வருஷ நர்சிங் படிப்பு உண்டு. அதில் சேருவதற்கு முன்பே உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் மாதிரி பாடங்களைத் தனியாகப் படித்து நல்ல கிரேடு வாங்கியிருக்கணும். கிரேடு குறைந்தால் திரும்ப எடுக்கலாம், எந்த வயதிலும் எடுக்கலாம். நம்ம ஊரில் உடற்கூறியலும் உடலியங்கியலும் பி.எஸ்சி. முதல் செமஸ்டருக்குள்ளேயே வந்துவிடும். முன்கூட்டிப் படிக்க வேண்டிய பாடங்கள் என்று பார்த்தால் பிளஸ் 1, பிளஸ் 2 அறிவியல் பாடங்கள்தான். அதாவது, 15 வயதில் எடுக்கிற முடிவு.

நீட் எழுதணுமா?

தமிழ்நாடு அரசு நடத்தும் பி.எஸ்சி. நர்சிங் கவுன்சிலிங்குக்கு இப்போதைக்கு நீட் வேண்டாம். மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு, பிளஸ் 2-ல் எடுத்த இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்ணை வைத்து தரவரிசைப் பட்டியல் போடுகிறது. பி.பார்ம், பிசியோதெரபி உள்ளிட்ட துணை மருத்துவப் படிப்புகளோடு சேர்ந்தே இந்த விண்ணப்பமும் ஆன்லைனில் வரும்.

தமிழிலோ ஆங்கிலத்திலோ எடுத்த மார்க் இந்தக் கணக்கில் சேராது என்பதை கவனிக்கணும். மொத்த மார்க் 540 என்று மகிழ்ந்துவிட்டு தரவரிசையில் பின்னால் நிற்பவர்கள் உண்டு. 510 எடுத்தவர் உயிரியலில் 98 வாங்கி முந்திப் போவதும் உண்டு. செய்முறைத் தேர்வுக்கும் அகமதிப்பீட்டுக்கும் சேர்த்து ஒவ்வொரு அறிவியல் பாடத்திலும் 30 மார்க் இருக்கு. ரெக்கார்டு நோட்டை கடைசி வாரத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று விடுகிறவர்கள் இழப்பது இந்த மார்க்கைத்தான். உயிரியல் தாளிலும் தாவரவியலுக்கு 35, விலங்கியலுக்கு 35 என்று சரிபாதி. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் படித்தால் கரை சேர முடியாது.

நீட் கேட்கும் இடங்களும் இருக்கு. புதுச்சேரி ஜிப்மர் பி.எஸ்சி. நர்சிங்குக்கும், ராணுவ செவிலியர் சேவையின் பி.எஸ்சி. நர்சிங்குக்கும் நீட் மதிப்பெண் வேணும். எய்ம்ஸ் தனியாக நுழைவுத்தேர்வு நடத்துகிறது. வேலூர் சிஎம்சிக்கும் தனி விண்ணப்பம், தனித் தேர்வு. 1946-லேயே நர்சிங்கில் பட்டப்படிப்பு தொடங்கிய கல்லூரி அது, போட்டியும் அதற்கேற்ற மாதிரிதான். அரசு கவுன்சிலிங்குக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு காத்திருந்தால் இந்த இடங்களின் கடைசித் தேதி தெரியாமலே போய்விடும்.

சாதிச் சான்றிதழில் ஏன் இவ்வளவு கவனம்?

தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு 69 சதவீதம். பொதுப்பிரிவுக்கு 31 சதவீத இடம்தான். அதனால் எந்தப் பிரிவில் தரவரிசை வருகிறது என்பது, சில மார்க் வித்தியாசத்தில் நிற்பவருக்கு சீட்டையே தீர்மானிக்கும்.

நாசரேத் மாதிரி கிறிஸ்தவர்கள் நிறைய வாழும் ஊரில் இதில் ஒரு கூடுதல் கவனம் வேணும். கிறிஸ்தவ நாடார் சமூகம் மாநிலப் பட்டியலில் பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் இருக்கு. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பங்களும், எத்தனை தலைமுறை ஆனாலும், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பிரிவில்தான் வருவார்கள். ஆனால் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகையில், மதம் மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களையும் தமிழ்நாடு அரசு சேர்த்திருக்கு. சீட்டு ஒரு பிரிவில், உதவித்தொகை இன்னொரு வழியில். இது தெரியாமல் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்காமலே விட்டுவிட்டால் இழப்பு குடும்பத்துக்குத்தான்.

இ-சேவை மையத்தில் சான்றிதழ் வாங்கியதும், பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடியே இருக்கா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். கவுன்சிலிங் வாரத்தில் தாலுகா ஆபீஸுக்கு அலைவது கொடுமை. வருமானச் சான்றிதழும், வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழும் கூடவே எடுத்து வைக்கலாம்.

எங்கே சீட் கிடைக்கும்?

அரசு பி.எஸ்சி. நர்சிங் கல்லூரிகள் குறைவு. சென்னை, செங்கல்பட்டு, சேலம், மதுரை, தேனி, சிவகங்கை என்று நாசரேத்திலிருந்து பார்த்தால் எல்லாமே ஹாஸ்டல் தூரம். 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை நாடு முழுக்க 157 புதிய அரசு நர்சிங் கல்லூரிகளுக்கு ஒப்புதல் தந்தது. அதில் 11 தமிழ்நாட்டுக்கு. அரசு இடம் கிடைக்காதவர்களுக்கு, தனியார் கல்லூரிகள் அரசு ஒதுக்கீட்டுக்கு விட்டுத்தரும் இடங்கள் இருக்கு. அவையும் இதே கவுன்சிலிங்கில்தான் நிரம்பும். நேராக கல்லூரியில் போய்ச் சேர்ந்தால் அது நிர்வாக ஒதுக்கீடு, கட்டணம் வேறு.

பி.எஸ்சி. கிடைக்கலைன்னா?

டிஜிஎன்எம் என்ற மூன்று வருஷ டிப்ளமோ இருக்கு. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி எந்த குரூப் படித்திருந்தாலும் 40 சதவீதமும் ஆங்கிலத்தில் பாஸும் இருந்தால் போதும், அறிவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை. ஒவ்வொரு பள்ளியின் விளக்கக் குறிப்பேட்டில் கூடுதல் நிபந்தனை இருக்கலாம், அதையும் படிக்கணும். டிப்ளமோ முடித்து பதிவு செய்தவர் ரெண்டு வருஷ போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்தால் பட்டமும் கைக்கு வந்துவிடும். மொத்தம் அஞ்சு வருஷம். பெண்களுக்கான ரெண்டு வருஷ ஏஎன்எம் படிப்பு கிராம சுகாதார செவிலியர் வேலை பக்கம் போகும்.

'ஆறு மாசத்தில் நர்ஸ்' போஸ்டர்களை நம்பலாமா?

இங்கேதான் நிறைய பேர் பணத்தையும் வருஷத்தையும் விடுகிறார்கள். பஸ் ஸ்டாண்டு சுவரில் 'நர்சிங் அட்மிஷன், பத்தாம் வகுப்பு போதும், 100 சதவீத வேலை' என்று போஸ்டர் இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் அது ஹெல்த் அசிஸ்டென்ட் அல்லது நர்சிங் உதவியாளர் சான்றிதழ் படிப்பாக இருக்கும். நம்ம ஊர் சமுதாயக் கல்லூரிகளிலும் இப்படிப்பட்ட குறுகிய காலப் படிப்புகள் உண்டு. அமெரிக்க சமுதாயக் கல்லூரியில் ரெண்டு வருஷம் முடித்தவர் அங்கே உரிமத் தேர்வு எழுதி பதிவு பெற்ற நர்ஸ் ஆகலாம். இங்கே பெயர் ஒன்றாக இருந்தாலும் விஷயம் அது இல்லை.

அந்தப் படிப்புகள் தப்பு என்று அர்த்தம் இல்லை. வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கும், கிளினிக்கில் உதவியாளர் வேலைக்கும் அவை உதவும். ஆனால் அதை முடித்தவர் சட்டப்படி நர்ஸ் ஆக முடியாது.

நர்ஸ் ஆவதற்கு தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு வேணும். 1926-ம் வருஷ சட்டத்தின் கீழ் இயங்கும் அமைப்பு இது. இந்தப் பதிவு இல்லாமல் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ்களை எடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுத முடியாது. வளைகுடா நாட்டு வேலைக்கு ஏஜென்சி முதலில் கேட்பதும் இதைத்தான்.

அதனால் ஃபீஸ் கட்டும் முன்பு கல்லூரி ஆபீஸில் கேட்க வேண்டிய கேள்வி இது: "இதை முடிச்சா குழுமத்தில் பதிவு பண்ண முடியுமா?" பி.எஸ்சி. என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு இருக்கா என்றும் கேட்கணும். "அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்" என்று பதில் வந்தால், வந்த பிறகு சேர்ந்துகொள்ளலாம். பிராஸ்பெக்டஸில் போட்டிருக்கும் கட்டடப் படத்தை விட குழுமத்தின் பட்டியல்தான் முக்கியம்.

மாதம் 1,000 ரூபாய் இவர்களுக்கு உண்டா?

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்பு சேரும் பெண்களுக்கு புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் 2022 செப்டம்பரிலிருந்து கிடைக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இதை விரிவுபடுத்தினார்கள். அந்த விரிவாக்கம் தொடங்கியது தூத்துக்குடியில், 2024 டிசம்பர் 30-ல். உதவி பெறும் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நாசரேத் குடும்பங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். பையன்களுக்கு இதே தொகை தமிழ்ப் புதல்வன் திட்டத்தில். நர்சிங்குக்கு பையன்கள் வருவது இப்போது புதுசும் இல்லை.

பாடம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு முதல் ஆறு மாதம் கஷ்டம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. உயிரியல் கலைச்சொற்களை பிளஸ் 2-லேயே ஆங்கிலத்திலும் எழுதிப் பழகியவர்களுக்கு அந்தப் பாரம் பாதியாகும்.

குரூப் மாறிப் போச்சு, இனி என்ன செய்யலாம்?

உயிரியல் இல்லாத குரூப்பில் பிளஸ் 2 முடித்தவர், தேசிய திறந்தநிலைப் பள்ளியில் அறிவியல் பாடங்களை எடுத்து எழுதும் வழி இருக்கு. அதன் பிளஸ் 2-வை, அறிவியல் பாடங்களும் ஆங்கிலமும் இருந்தால், இந்திய நர்சிங் கவுன்சில் ஏற்கிறது. அதே வருஷத்து தமிழ்நாடு விளக்கக் குறிப்பேட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு பணம் கட்டுவது நல்லது. 35 வயது வரை சேரலாம் என்பதால் ஒரு வருஷம் போனால் எல்லாம் போனதாக ஆகாது.

சேர்க்கை விதிகளே மாற வாய்ப்பு இருக்கு. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம், பழைய கவுன்சிலுக்குப் பதிலாக ஆணையம் அமைக்கவும், சேர்க்கைக்கு நாடு முழுக்க ஒரே மாதிரி நடைமுறை கொண்டுவரவும் வழி செய்கிறது. இப்போது பிளஸ் 1 சேர்கிறவர்கள் தங்கள் முறை வரும்போது தேர்வுக்குழு வெளியிடும் அந்த வருஷத்து குறிப்பேட்டைத்தான் பார்க்கணும், அக்கா சேர்ந்த வருஷத்து விதியை அல்ல.

பிளஸ் 2 ரிசல்ட் வழக்கமாக மே மாதம் வரும். துணை மருத்துவப் படிப்புகளுக்கான விண்ணப்ப அறிவிப்பு அதற்குப் பிறகு தேர்வுக்குழு இணையதளத்தில் வரும்.