செல்லிடத் தொலைபேசி அலைகளைக் கொண்ட செயலறு ராடார்

செல்லிடத் தொலைபேசி அலைகளைக் கொண்ட செயலறு ராடார் என்பது, தான் எந்த அலையையும் பரப்பாமல், தொலைபேசிக் கோபுரங்கள் ஏற்கனவே பரப்பிக்கொண்டிருக்கும் அலைகள் பொருட்களில் பட்டுத் தெறிப்பதை வைத்து அப்பொருட்களின் இருப்பையும் நகர்வையும் அறியும் அமைப்பு ஆகும். வழமையான ராடார் கையில் விளக்கேந்திச் செல்லும் காவலாளியைப் போன்றது. செயலறு ராடார் தெருவிளக்கின் வெளிச்சத்தில் நின்று பார்ப்பவரைப் போன்றது. அலை பரப்பாததால் இதன் இருப்பிடத்தைப் பிறர் கண்டறிவது கடினம். அலைபரப்பி தேவையில்லாததால் செலவும் குறைவு. ஆனால் விளக்கு பிறருடையது என்பதால் அதன் தன்மையை ராடார் அமைப்பவர் தீர்மானிக்க இயலாது.

வரலாறு

பிறர் பரப்பும் அலையைப் பயன்படுத்தும் எண்ணம் புதியதன்று. 1935 பெப்ரவரி 26 அன்று இங்கிலாந்தில் ராபர்ட் வாட்சன்-வாட், ஆர்னால்டு வில்கின்சு ஆகியோர், டாவென்ட்ரியில் இருந்த பி.பி.சி. சிற்றலை ஒலிபரப்பியின் அலைகளைக் கொண்டு, ஏறத்தாழ 13 கி.மீ. தொலைவு வரை ஒரு ஹேஃபோர்டு குண்டுவீச்சு விமானத்தின் தெறிப்பைக் கண்டறிந்தனர். இரண்டாம் உலகப் போரில் செருமானியர் அமைத்த 'கிளைன் ஹைடல்பெர்க்' நிலையங்கள், பிரித்தானியரின் ராடார் அலைகளையே தம் தேவைக்குப் பயன்படுத்தின. தொலைபேசிக் கோபுரங்கள் பெருகிய பின்னர், 2000களின் தொடக்கத்தில், பிரித்தானியாவின் ரோக் மேனர் ஆய்வகமும் பி.ஏ.இ. சிசுடம்சு நிறுவனமும் 'செல்டார்' என்ற திட்டத்தில் ஈடுபட்டன.

செயற்பாடு

அலைவாங்கியில் பொதுவாக இரண்டு வானலை உணரிகள் இருக்கும். ஒன்று கோபுரத்தை நோக்கியிருந்து நேரடி அலையைப் பெறும். மற்றொன்று கண்காணிக்கும் திசையை நோக்கியிருக்கும். இரண்டையும் கணினி ஒப்பிட்டு, தெறித்து வந்த அலை எவ்வளவு தாமதமாக வந்தது, அதன் அலைவெண் டாப்ளர் விளைவால் எவ்வளவு மாறியது எனக் கணிக்கும். தாமதத்திலிருந்து கோபுரம்–பொருள்–அலைவாங்கி என்ற பாதையின் மொத்த நீளம் கிடைக்கும். இதனால் பொருள் ஒரு நீள்வட்டத்தின் மீது எங்கோ உள்ளது என்பது மட்டுமே தெரியும். கோபுரமும் அலைவாங்கியும் அந்நீள்வட்டத்தின் குவியங்கள். பல கோபுரங்களின் நீள்வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தைக் கொண்டோ, அலை வந்த திசையை அளந்தோ இடம் உறுதி செய்யப்படும்.

முதன்மையான இடர் நேரடி அலையே. கோபுரம், மகிழுந்து, அலைவாங்கி ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று 1 கி.மீ. தொலைவில் இருப்பதாகவும், மகிழுந்தின் தெறிப்புப் பரப்பு 10 சதுர மீட்டர் எனவும் கொண்டால், தெறிப்பலையின் திறன் நேரடி அலையின் திறனில் ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான். கண்காணிப்பு உணரியிலும் கசியும் நேரடி அலையைக் கழித்து நீக்காவிடில் எதுவும் புலப்படாது. வில்கின்சும் 1935இல் இரண்டு உணரிகளை எதிரெதிராக இணைத்தே இதனைச் சமாளித்தார்.

பிரிதிறன்

ஜி.எஸ்.எம். அலைவரிசை ஒன்றின் அகலம் 200 கிலோஎர்ட்சு. இது குரலுக்குப் போதும், ராடாருக்குப் போதாது: தொலைவில் 750 மீட்டருக்கும் குறைவாக இடைவெளி உள்ள இரு பொருட்களைப் பிரித்தறிய இயலாது. விரைவை அளப்பதிலோ இம்முறை மிகக் கூர்மையானது. 900 மெகாஎர்ட்சில் அலைநீளம் 33 செ.மீ. என்பதால், ஒரு நொடி அலையைத் திரட்டினாலே மணிக்கு 1 கி.மீ.க்கும் குறைவான வேறுபாட்டைப் பிரிக்கலாம். சிங்கப்பூர் நன்யாங் தொழினுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு, தரையில் நகரும் பொருட்களை இவ்வாறு கண்டறிந்து பின்தொடர முடியும் எனக் காட்டியது.

பிந்தைய வலையமைப்புகள்

சிங்கப்பூரில் ஜி.எஸ்.எம். சேவை 2017 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. அதனுடன் அவ்வாய்வு பயன்படுத்திய வகை அலைகளும் அங்கு இல்லாமற்போயின. நான்காம் தலைமுறை எல்.டி.இ. அலைவரிசையின் அகலம் 20 மெகாஎர்ட்சு வரை செல்வதால் தொலைவுப் பிரிதிறன் 7.5 மீட்டராக மேம்படும். ஆனால் அருகருகே உள்ள கோபுரங்கள் ஒரே அலைவெண்ணில் பரப்புவதால் எந்தத் தெறிப்பு எந்தக் கோபுரத்துக்குரியது எனப் பிரிப்பது கடினமாகிறது. ஐந்தாம் தலைமுறையில் அலைவரிசை மேலும் அகன்றது. எனினும், மின்னாற்றலைச் சேமிக்கும் பொருட்டு, பயனர் இல்லாத வேளையில் கோபுரம் சில அடையாளக் குறிகைகளை மட்டும் இடைவெளி விட்டுப் பரப்பும். ஆகவே ஊர் உறங்கும் நள்ளிரவில் இவ்வகை ராடாருக்குக் கிடைக்கும் வெளிச்சம் மிகக் குறைவு.