தொல்லியல் காணி: கேட்டறியும் உரிமை எமக்குண்டு

பழைய செங்கல்லும் சிதைந்த கட்டடமும் ஒரு மண்ணின் வரலாற்றுச் சாட்சிகள். அவற்றைப் பாதுகாப்பது அரசினதும் மக்களினதும் பொதுக் கடமை. ஆனால் அயலிலுள்ள கமக்காரருக்கு அறிவிக்காமல் எல்லைக்கல் நடப்படும்போது, பாதுகாப்பே பகைக்கு வித்தாகிவிடுகிறது.

முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணிமுறிப்பு மக்கள் 1984இல் இடம்பெயர்ந்தனர். அருகேயுள்ள குருந்தூர்மலையில் தொல்லியல் திணைக்களம் 2021 ஜனவரியில் அகழ்வைத் தொடங்கியது. வழிபாடு, புதிய கட்டுமானம் பற்றிய பிணக்குகள் முல்லைத்தீவு நீதிமன்றம்வரை சென்றன. 1933ஆம் ஆண்டு வர்த்தமானி அங்கே 78 ஏக்கரைக் குறித்தது. அதற்கப்பால் எந்த வயல்கள் எல்லைக்குள் வரும் என்பதே கமக்காரரின் கேள்வி.

யுனெஸ்கோவின் 1972ஆம் ஆண்டு உலக மரபுரிமைச் சமவாயத்தை இலங்கை 1980இல் ஏற்றது. 2007இல் உலக மரபுரிமைக் குழு, மக்கள் சமூகங்களின் பங்கேற்பையும் தன் குறிக்கோள்களுள் சேர்த்தது. குருந்தூர்மலை அப்பட்டியலில் இல்லை. ஆயினும் மக்களோடு பேசிப் பாதுகாப்பதே எங்கும் நன்று.

நாம் செய்யக்கூடியவை:

1. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, திணைக்களத்தின் தகவல் அலுவலரிடம் வர்த்தமானி அறிவித்தலையும் எல்லை வரைபடத்தையும் கேளுங்கள். காரணம் கூறத் தேவையில்லை. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்கலாம். அதை எழுதிக்கொள்வது அலுவலரின் கடமை.

2. 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். அதன்பின் ஆணைக்குழுவை நாடலாம்.

3. உறுதி, அனுமதிப்பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளைப் பத்திரப்படுத்துங்கள்.

ஊர் திரும்பாத குடும்பங்களும் கேட்கலாம். தனித்தனியே அலையாமல், கமக்காரர் அமைப்பாக ஒன்றுகூடிக் கேட்பது பலம் தரும்.