‘வலிமை குறைந்த’ ஓர் அமிலம்

ஹைட்ரோகுளோரிக் அமிலம், கந்தக அமிலம், நைட்ரிக் அமிலம் ஆகியவை வலிமை மிக்கவை. அசிட்டிக் அமிலம் போன்ற கரிம அமிலங்கள் வலிமை குறைந்தவை. இது நாம் எல்லோரும் படித்த பாடம். தேர்வுத்தாளில் இவ்விடைக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் ஆய்வுக்கூடத்தில் இதே விடை சிலரை ஏமாற்றிவிடுகிறது. “வலிமை குறைந்ததுதானே, கையில் பட்டால் என்ன?” என்று எண்ணத் தோன்றுகிறது. அந்த எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதைப் புரோப்பியானிக் அமிலத்தை வைத்துப் பார்ப்போம்.

அசிட்டிக் அமிலத்திற்கு அடுத்த தங்கை இது. அதில் இரண்டு கார்பன் அணுக்கள், இதில் மூன்று. நிறமற்ற நீர்மம். 141 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். நீருடன் எந்த அளவிலும் கலந்துவிடும். அதன் நெடி, வினிகரும் பழைய வியர்வையும் சேர்ந்தாற்போல் இருக்கும். வியர்வை என்றது வெறும் உவமை அன்று. நம் தோலில் வாழும் ஒருவகைப் பாக்டீரியாக்கள் இதைச் சிறிதளவு உண்டாக்கவே செய்கின்றன!

1844ஆம் ஆண்டில் யோகான் காட்லீப் என்பவர் சர்க்கரையைச் சிதைத்தபோது கிடைத்த பொருள்களிடையே இதைக் கண்டார். 1847இல் பிரெஞ்சு வேதியியலார் டூமா இதற்குப் பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் ‘முதல்’, ‘கொழுப்பு’ என்று பொருள்படும் இரு சொற்களின் சேர்க்கை அது. நீரில் கலந்துள்ள இவ்வமிலத்தில் உப்பைக் கரைத்தால், எண்ணெய்போல் தனியே பிரிந்து மேலே நிற்கும். இதன் பொட்டாசிய உப்பு சோப்பைப்போல் வழுவழுப்பாக இருக்கும். கொழுப்பு அமிலங்களின் இத்தகைய குணங்களைக் காட்டுபவற்றுள் மிகச் சிறியது இதுவே. ஆகவே அப்பெயர் பொருத்தமானதுதான்.

இனி ‘வலிமை குறைந்தது’ என்பதன் பொருளுக்கு வருவோம். 0.1 மோலார் கரைசலில் இதன் நூறு மூலக்கூறுகளில் ஏறத்தாழ ஒன்றுதான் அயனியாகப் பிரிகிறது. மற்றவை முழு மூலக்கூறுகளாகவே இருக்கின்றன. வேதியியலில் வலிமை என்று சொல்வது இந்தப் பிரிகை அளவை மட்டுமே. தீங்கு செய்யுமா செய்யாதா என்பதை அச்சொல் சொல்வதே இல்லை.

பிரியாமல் நிற்கும் அந்தத் தொண்ணூற்றொன்பது பேர் சும்மா இருப்பவர்கள் அல்லர்! அவற்றில் மின்சுமை இல்லை. ஆதலால் உயிரணுவைச் சூழ்ந்த கொழுப்புச் சவ்வினூடே எளிதில் நுழைந்துவிடுகின்றன. பூஞ்சைக் காளானின் உயிரணுவிற்குள் ஏறக்குறைய நடுநிலைத் தன்மை நிலவுகிறது. அங்கே போனதும் இம்மூலக்கூறுகள் பெரும்பாலும் பிரிந்து, ஹைட்ரஜன் அயனிகளை வெளிவிடுகின்றன. அவற்றை வெளியேற்றுவதிலேயே காளான் தன் ஆற்றலைச் செலவழித்து, வளர முடியாமல் தவிக்கிறது. வலிமை மிக்க அமிலத்தின் அயனிகளுக்கோ அந்தச் சவ்வு எளிதில் வழிவிடாது. வலிமை குறைந்திருப்பதே இவ்வமிலத்தின் பலம் என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா?

கடையில் வாங்கும் ரொட்டி உறையைத் திருப்பிப் பாருங்கள். 282 என்ற எண் பலவற்றில் இருக்கும். கால்சியம் புரோப்பியோனேட் என்ற உப்பின் எண் அது. ரொட்டியில் பூசணம் பிடிப்பதை அது தாமதப்படுத்துகிறது; மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டை அவ்வளவாகத் தடுப்பதில்லை. பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்கலாமா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. சேர்க்கும் அளவு மிகக் குறைவு. மேலும் இது நம் உடலுக்குப் புதிய பொருளும் அன்று. நாம் உண்ணும் கீரை, காய்களின் நாரிலிருந்து நம் குடலிலுள்ள நுண்ணுயிர்கள் அன்றாடம் இதை உண்டாக்குகின்றன. பசுவின் வயிற்றில் இது ஏராளமாக உண்டாகிறது. அதைக் கொண்டுதான் பசு தனக்கு வேண்டிய குளுக்கோசின் பெரும்பகுதியைத் தன் ஈரலில் தயாரிக்கிறது. காலையில் நாம் குடிக்கும் பாலின் இனிப்பிற்கும் இந்த நாற்றமுள்ள அமிலத்திற்கும் இப்படி ஓர் உறவு! சுவிட்சர்லாந்தின் எம்மந்தால் பாலாடைக்கட்டியின் தனிச்சுவையும் இதனால் வருவதே. அதிலுள்ள பெரிய துளைகள், இவ்வமிலத்துடன் பாக்டீரியாக்கள் வெளிவிடும் கரியமில வாயுவால் ஆனவை.

ஆனால் ஆய்வுக்கூடத்துப் புட்டியில் இருப்பது ரொட்டியில் இருப்பது போன்றதன்று. அது பெரும்பாலும் நீர் கலவாத அமிலம். தோலில் பட்டால் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. இதன் ஆவி மூக்கையும் தொண்டையையும் எரிக்கும். வலிமையைவிடச் செறிவைக் கேட்டறிந்த பிறகே புட்டியைத் தொட வேண்டும்.

பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சாதாரண மூக்குக் கண்ணாடி போதாது. பக்கவாட்டில் தெறிப்பதை அது தடுக்காது. பின்னலை முடிந்துகொண்டு, துப்பட்டாவின் முனையைச் செருகிக்கொள்ளுங்கள். பிப்பெட்டில் வாயால் உறிஞ்சவே கூடாது. ரப்பர் பந்து எதற்கு இருக்கிறது? நீர்க்கச் செய்யும்போது நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். ஏறத்தாழ 54 டிகிரிக்கு மேல் சூடானால் இதன் ஆவி எளிதில் தீப்பற்றும். ஆகவே சுடர்மீது நேராக வைக்காமல் வெந்நீர்த் தொட்டியில் வைத்தே சூடாக்குங்கள். நைட்ரிக் அமிலம், பெர்மாங்கனேட் போன்ற ஆக்சிஜனேற்றிகளின் பக்கத்தில் புட்டியை வைக்காதீர்கள்.

மேல் பட்டுவிட்டால் ஓடும் நீரில் பதினைந்து நிமிடமாவது கழுவ வேண்டும். கண்ணானால் இமைகளைத் திறந்து பிடித்துக் கழுவியபின் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். அமிலம் நனைந்த உடையை உடனே களைவது முக்கியம். கூச்சத்தால் தயங்குவதில் காயம் பெரிதாகிறது. சமையல் சோடாவைத் தோலில் தேய்க்க வேண்டாம். அது தரையில் சிந்தியதற்கு ஏற்றது.

மேல்நிலை வகுப்பு மாணவியர் இவ்வமிலத்தைச் சாராயத்துடனும் சில துளி அடர் கந்தக அமிலத்துடனும் சூடாக்கிப் பார்க்கலாம். அப்போது கிடைக்கும் எஸ்டரை முகர அவசரப்படாதீர்கள். ஆறியபின் முகவையிலுள்ள சோடாக் கரைசலில் மெல்ல ஊற்றுங்கள். எஞ்சிய அமிலம் நுரைத்து அடங்கும். பிறகு கையால் காற்றை மூக்கின் பக்கம் விசிறுங்கள். வியர்வை நாற்றம் போய்ப் பழ வாசனை வீசும்.